எட்டி சாட்டர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸ் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஒரு தமிழ் நாளிதழ் அவருக்கு முக்கால் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. பிரேசில் இசையோடு அவர் சேர்ந்த கதை, அந்நாட்டுப் பாடகர் ஜோவா கில்பர்ட்டோவோடு செய்த பதிவு, கிடைத்த கிராமி விருது எல்லாம் நன்றாக வந்திருந்தன. ஆனால் ‘ஃபோகஸ்’ என்ற ஆல்பத்துக்கு வந்ததும் கட்டுரை இரண்டே வரியில் கடந்துவிட்டது. வயலின்கள் துணைக்கு ஒலிக்க கெட்ஸ் உருகி வாசித்த ஆல்பம் என்று சொல்லிவிட்டு, அடுத்த பத்தியில் ரியோவுக்குப் போய்விட்டது. அந்த வயலின்களுக்கு இசை எழுதியவரின் பெயர் கட்டுரையில் எங்கேயும் இல்லை. அவர் பெயர் எட்டி சாட்டர். அந்தப் பெயரை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், அந்தப் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் சென்னையில் சினிமா இசைப்பதிவுகளில் வயலின் வாசித்துப் பிழைத்தவன். பெரும்பாலும் செகண்ட் வயலின் வரிசை. நோட்ஸை ஸ்டாண்டில் வைத்து, கண்டக்டரின் கையைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரோடு ஒரே வில்லாக இழுக்கிற வேலை. எண்பதுகளில் ஒரு பதிவின் இடைவேளையில், எங்களோடு சாக்ஸபோன் வாசித்த ஓர் அண்ணன் ஒரு கேசட்டைக் கொடுத்து, “தம்பி, இதுல சாக்ஸைக் கேக்காதே, உங்க ஆளுங்களைக் கேளு” என்றார். அதுதான் ‘ஃபோகஸ்’. அவர் சொன்னபடியே கேட்டேன், இன்றுவரை அப்படித்தான் கேட்கிறேன். அதனால் இந்த ஆல்பம் பற்றி ஒரு தந்தி வாத்தியக்காரனுக்கு என்ன தெரியுமோ அதை மட்டும் எழுதுகிறேன்.

1961 தொடக்கத்தில் கெட்ஸ் அமெரிக்கா திரும்பினார். அதற்கு முன் சில ஆண்டுகள் டென்மார்க்கில், கோபன்ஹேகனில் இருந்தார். திரும்பிவந்தபோது ஜாஸ் உலகமே மாறிப்போயிருந்தது. டெனர் சாக்ஸபோன் என்றதும் எல்லோரும் ஜான் கோல்ட்ரேன் பெயரைச் சொன்னார்கள். கெட்ஸுக்கு வயது 34. அவருடைய மென்மையான தொனியை நேற்றைய சங்கதி என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். அந்த நேரத்தில் வெர்வ் இசைத்தட்டு நிறுவனத்தில் தயாரிப்பாளராக வந்திருந்தவர் க்ரீட் டெய்லர். கெட்ஸ் எட்டி சாட்டரிடம் போய், தனக்காகப் புதிதாக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார். ஊரறிந்த பாட்டுகளை எடுத்து அழகுபடுத்தித் தருவது அவருக்கு வேண்டாம். முழுக்கப் புதிய இசையாக இருக்க வேண்டும்.

சாட்டர் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1914இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். முப்பதுகளில் ரெட் நார்வோ குழுவுக்கும், பிறகு கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மேன் குழுவுக்கும் எழுதினார். குட்மேனுக்கு அவர் எழுதிய ‘கிளாரினெட் அ லா கிங்’, ‘பென்னி ரைட்ஸ் அகெய்ன்’ போன்றவற்றை இன்றைக்குக் கேட்டாலும், நடனக் குழுவுக்கு எழுதியவை என்று நம்பமுடியாது. அவ்வளவு உள்வேலை. 1952இல் பில் ஃபினேகனோடு சேர்ந்து ‘சாட்டர்-ஃபினேகன் ஆர்க்கெஸ்ட்ரா’ என்று ஒரு குழு நடத்தினார். அது பேர் வாங்கியது, கடனும் வாங்கியது. 1957இல் நின்றுபோனதும் ஜெர்மனியில் பாடன்-பாடன் வானொலி இசைக்குழுவுக்குப் போனார். கெட்ஸும் 1945-46இல் குட்மேன் குழுவில் இருந்தவர். சாட்டரின் பேனா என்ன செய்யும் என்று அவருக்கு அங்கேயே தெரிந்திருக்கும்.

அந்த சாட்டர் ஏழு பகுதிகள் எழுதிக் கொடுத்தார். தந்தி வாத்தியங்களுக்கு எல்லாமே எழுத்தில் இருந்தது. சாக்ஸபோனுக்கு என்று மெட்டு எதுவும் எழுதவில்லை. கெட்ஸ் முன்னால் தந்திகளின் இசைதான் இருந்தது. அதைப் பார்த்தும் கேட்டும் தன் பாகத்தை அவரே அந்தக் கணத்தில் உண்டாக்க வேண்டும்.

இதை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று, எழுதித் தந்ததை வாசித்தே காலம் தள்ளியவனுக்குத் தெரியும். துணை வாசிப்பாக எழுதுவது சுலபம். பாட்டு போகும், நாங்கள் நீளமாக நான்கு மாத்திரை இழுத்துக்கொண்டு கீழே நிற்போம். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன ஓட்டம் தருவார்கள். பாட்டை எடுத்துவிட்டு எங்களை மட்டும் வாசிக்கச் சொன்னால் வெறும் சுவர்தான் நிற்கும், ஓவியம் இருக்காது. அதேபோல, தானே முழுமையாக நிற்கிற ஒரு குவார்டெட்டை, அதாவது நால்வர் இசையை, எழுதுவதும் திறமைசாலிக்கு முடியும், ஆனால் அதில் இன்னொருவர் நுழைய இடமே இருக்காது. சாட்டர் எழுதியது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சாக்ஸபோன் இல்லாமலே அதை ஒரு கச்சேரியில் வாசிக்கலாம், யாரும் எழுந்துபோகமாட்டார்கள். அதே சமயம், எந்த இடத்தில் ஒரு மனிதக் குரல் வந்தால் நிறையுமோ அந்த இடத்தை ஒவ்வொரு பக்கத்திலும் விட்டுவைத்திருக்கிறார். விட்டுவைத்த இடம் நோட்ஸில் தெரியாது, வாசிக்கும்போதுதான் தெரியும்.

முதல் பகுதியையே எடுத்துக்கொள்வோம், ‘ஐ’ம் லேட், ஐ’ம் லேட்’. ஆலிஸின் அற்புத உலகத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓடுகிற முயலின் வார்த்தைகள் அவை. ஆரம்பத்திலேயே தந்திகள் குட்டிக்குட்டி வெட்டுகளாகப் பாய்கின்றன. ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்ட்டோக்கின் 1936ஆம் ஆண்டுப் படைப்பான ‘தந்தி, தாளம், செலஸ்டாவுக்கான இசை’யைத் தெரிந்தவர்களுக்கு அதன் இரண்டாம் பாகம் உடனே நினைவுக்கு வரும். சாட்டர் அதை மறைக்கவே இல்லை. அதே மாதிரியான துடிப்பு, அதே மாதிரி ஒரு வரிசை கேட்க இன்னொரு வரிசை பதில் சொல்வது. பார்ட்டோக் தன் கடைசி ஆண்டுகளை நியூயார்க்கில் கழித்தவர். குட்மேனுக்காக ‘கான்ட்ராஸ்ட்ஸ்’ என்று ஒரு படைப்பையும் எழுதியிருக்கிறார். அதை குட்மேன், வயலின் மேதை ஜோசப் சிகெட்டி, பார்ட்டோக் மூவரும் சேர்ந்து 1940இல் பதிவு செய்தார்கள். குட்மேனுக்கு சாட்டர் எழுதிக்கொண்டிருந்த காலமும் அதுதான். அதனால் இந்த ஆல்பத்தில் பார்ட்டோக்கின் சாயல் எங்கிருந்தோ திடீரென்று வந்து குதித்தது என்று எனக்குத் தோன்றுவதில்லை.

இந்தப் பகுதியில் மட்டும் டிரம்ஸ் முன்னால் வருகிறது. வாசித்தவர் ராய் ஹேன்ஸ். 1925இல் பிறந்து, 2024 நவம்பரில் 99 வயதில் மறைந்தார். சாக்ஸபோன் மேதைகள் சார்லி பார்க்கர், கோல்ட்ரேன் என்று எத்தனையோ பேரோடு வாசித்தவர். இங்கே அவர் காலம் மட்டும் சொல்லவில்லை. தந்திகள் வெட்டுகிற இடத்தில் அவரும் வெட்டுகிறார், அவை நழுவுகிற இடத்தில் அவரும் நழுவுகிறார். நோட்ஸ் பார்த்து வாசிக்கிறவர்களுக்கும் பார்க்காமல் வாசிக்கிற கெட்ஸுக்கும் நடுவே ஒரு பாலம் அந்த மனிதர்.

இப்போது நான் சொல்லப்போவதற்காகவே உங்கள் வாசகர்கள் இந்த எட்டு நிமிடத்தைத் தேடிக் கேட்கவேண்டும். அந்தப் பகுதியை இரண்டு டேக் எடுத்தார்கள். கெட்ஸ் இரண்டு தடவையும் வேறு வேறாக வாசித்தார், இரண்டுமே பிரமாதமாக அமைந்துவிட்டன. எதைத் தள்ளுவது என்று தெரியாமல், இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். அதனால் இசைத்தட்டில் நமக்குக் கிடைப்பது, எழுதிவைத்த ஒரே தந்தி இசை இரண்டு முறை, அதன் மேல் கெட்ஸ் சொல்லும் இரண்டு வெவ்வேறு பதில்கள். நடு இடத்தில் மறுபடி அதே ஆரம்பம் வரும், கவனித்தால் புரியும். முதல் முறை தந்திகள் ஒரு கேள்வி கேட்கும்போது கெட்ஸ் குறுக்கே பாய்கிறார். இரண்டாம் முறை அதே இடத்துக்கு வரும்போது வேறு வழியாக வருகிறார், அவர் விட்ட சந்தில் வயலின்களின் பாய்ச்சல் முழுதாகக் காதில் விழுகிறது. எழுத்து மாறவில்லை, வாசித்த மனிதர்களும் மாறவில்லை, ஆனால் கேட்கிற நமக்கு அது வேறொரு இடமாகத் தெரிகிறது. மனோதர்மம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், எழுதிய இசைக்கு அதில் என்ன பங்கு என்று கேட்டால், நான் இந்த ஒரு பதிவைத்தான் போட்டுக்காட்டுவேன்.

நம் ஊர் ரசிகர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தால் கச்சேரி மேடைதான் முன்னால் வருகிறது. பாடகர் ராக ஆலாபனை செய்கிறார். பக்கத்தில் வயலின் வாசிப்பவர் அவர் போகிற வழியைக் கேட்டுக்கொண்டே நிழலாகத் தொடர்கிறார். பாடகருக்குச் சுதந்திரம், வயலினுக்குக் காது. ‘ஃபோகஸ்’ இதில் பாதியைத் தலைகீழாக்கிவிட்டது. இங்கே தந்திகளால் யாரையும் தொடரமுடியாது, காகிதத்தில் இருப்பதை கண்டக்டரின் கை சொல்கிற நேரத்தில் வாசித்தே ஆகவேண்டும். ஆகவே காது முழுக்க நடுநாயகமாக நிற்கிறவருக்கே வேண்டும். அவருக்குச் சுதந்திரமும் உண்டு, பக்கவாத்தியக்காரரின் பொறுப்பும் உண்டு. கெட்ஸ் இரண்டையும் சுமந்ததால்தான் இந்த ஆல்பம் நிற்கிறது. சாட்டரைச் சொல்வதற்காக நான் கெட்ஸைக் குறைக்கிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். இவ்வளவு கேட்டு வாசித்த சாக்ஸபோனை நான் வேறெங்கும் கேட்டதில்லை. நம்மில் பலருக்கு சாக்ஸபோன் என்றால் கத்ரி கோபால்நாத் அவர்களின் ஆல்டோதான் காதில் நிற்கும். கெட்ஸின் டெனர் அதைவிடப் பெரியது, இன்னும் கீழே பேசுவது. வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவும், அதைவிடப் பெரிய செல்லோவும் நிற்கிற உயரத்தில் அது நிற்கிறது. அதனால் தந்திகளுக்கு மேலே மிதக்காமல் அவற்றுக்கு உள்ளேயே புகுந்துகொள்ள அதனால் முடிகிறது. வயோலா எழுதும்போது சாட்டர் இதை மனதில் வைத்திருந்தார் என்பது என் துணிபு.

இதற்கு முன்பும் தந்திகளோடு சாக்ஸபோன் வந்திருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். வந்திருக்கிறது. 1949 நவம்பரில் சார்லி பார்க்கர் தந்திகளோடு பதிவு செய்தார். அதில் ‘ஜஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்’ என்ற பாட்டை வாசித்தது அவருடைய சிறந்த வாசிப்புகளில் ஒன்று. பார்க்கருக்கும் அது ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் அங்கே எடுத்துக்கொண்டவை எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகள், தந்திகள் அவற்றைச் சுற்றிக் கட்டிய அலங்காரம். கெட்ஸே ‘ஃபோகஸ்’ பதிவுக்கு முந்தைய ஆண்டில் ஜெர்மனியில் ‘கூல் வெல்வெட்’ என்று தந்திகளோடு ஓர் ஆல்பம் செய்திருக்கிறார், எழுதியவர் ரஸ் கார்சியா. கேட்க இதமாக இருக்கும். சாயங்காலம் போட்டுவிட்டு வேலை பார்க்கலாம். ‘ஃபோகஸை’ப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கமுடியாது. உங்கள் கட்டுரையாளர் சொன்ன இரண்டு வரி ‘கூல் வெல்வெட்’டுக்குப் பொருந்தும். ‘ஃபோகஸு’க்கு அது அநியாயம்.

இரண்டாம் பகுதி ‘ஹெர்’. அந்தப் பதிவுகள் நடந்த காலத்தில்தான் கெட்ஸின் தாயார் காலமானார். இந்தப் பகுதியை அவருக்கே காணிக்கையாக்கினார். இதைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை, ஏனென்றால் அழுகையைப் பற்றி எழுதுவது சுலபம். தந்திக்காரர்கள் கவனிக்கவேண்டிய ஒன்றை மட்டும் சொல்கிறேன். இவ்வளவு துக்கமான இடத்தில் எழுதியவர் வயலின்களை மேலே ஏற்றி அழவைத்திருக்கலாம், எங்கள் சினிமாவில் அப்படித்தான் செய்வோம், அதுவும் வேண்டியதுதான். சாட்டர் அப்படிச் செய்யவில்லை. தந்திகள் அமைதியாக நடக்கின்றன. கனத்தை முழுக்க சாக்ஸபோனிடம் விட்டுவிடுகின்றன. தாயை இழந்த மகன் தன் அளவுக்குத் தானே பேசிக்கொள்ளட்டும் என்று ஒதுங்கி நிற்கிற மரியாதை அது. ஆல்பத்தின் சில பகுதிகளில் தந்திகளை முதலில் பதிவு செய்துவைத்து, கெட்ஸ் பிறகு வந்து ஹெட்ஃபோனில் கேட்டு அவற்றின் மேல் வாசித்தார். இது தெரிந்தபிறகும் எந்தப் பகுதியில் எல்லோரும் ஒரே அறையில் இருந்தார்கள், எதில் இல்லை என்று காதால் பிரித்துச் சொல்ல என்னால் முடிந்ததில்லை. டிராக் மேல் டிராக் வைத்து வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது சாதாரணம் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘பேன்’, ‘ஒன்ஸ் அப்பான் எ டைம்’ இரண்டும் பெயரிலேயே கதை சொல்பவை, அப்படியேதான் ஓடுகின்றன. ‘நைட் ரைடர்’ கேட்கும்போது கீழ்த்தந்திகளைப் பிடித்துக்கொண்டு போங்கள், குதிரை அங்கேதான் இருக்கிறது. ‘ஐ ரிமெம்பர் வென்’ மெதுவானது, ‘ஹெர்’ அளவுக்கு எனக்கு ஒட்டவில்லை. கடைசியில் வரும் ‘எ சம்மர் ஆஃப்டர்நூன்’ எதையும் பெரிதாக முடித்துவைக்க முயலாமல் வெயிலில் உட்கார்ந்துவிடுகிறது. ஆல்பத்தை உரத்த முடிவோடு நிறுத்தாமல் இப்படி விட்டது எனக்குப் பிடிக்கும்.

அப்புறம் ஏன் இந்த ஆல்பம் இரண்டு வரிக்குச் சுருங்கிப்போனது? காரணம் உங்கள் கட்டுரையிலேயே இருக்கிறது. 1962 பிப்ரவரியில் கெட்ஸ், கிட்டார் கலைஞர் சார்லி பேர்டோடு வாஷிங்டனில் ஒரு தேவாலய அரங்கில் உட்கார்ந்து ‘ஜாஸ் சம்பா’ என்ற ஆல்பத்தைப் பதிவு செய்தார். அதிலிருந்த ‘டெசஃபினாடோ’ நாடு முழுக்கப் பரவியது. அடுத்த வருடம் கில்பர்ட்டோ, ஆன்டோனியோ கார்லோஸ் ஜோபிமோடு செய்த பதிவு 1964இல் வெளிவந்து, 1965இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியை வாங்கியது. அந்த வெள்ளத்தில் சில மாதங்களுக்கு முந்தைய ‘ஃபோகஸ்’ ஓரமாக ஒதுங்கிவிட்டது. பாஸா நோவா என்கிற அந்தப் பிரேசில் இசையைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் கெட்ஸிடம் கேட்டவர்களுக்கு அவர் தன் பதிவுகளில் மிகவும் பிடித்தது என்று காட்டியது ‘ஃபோகஸை’த்தான். வாழ்நாள் முழுக்க எத்தனையோ ஆல்பங்கள் செய்த ஒருவர் ஒன்றை அப்படிச் சொன்னால், அவரைப் பற்றி முக்கால் பக்கம் எழுதுகிறவர்கள் அதற்கு ஒரு பத்தியாவது தரலாம்.

ஆல்பத்தை நடத்திய கண்டக்டர் ஹெர்ஷி கே. லியோனார்ட் பெர்ன்ஸ்டீனின் ‘ஆன் தி டவுன்’, ‘கேண்டீட்’ போன்ற மேடை இசைகளுக்கு ஆர்க்கெஸ்ட்ரா அமைத்தவர். அவரே இசை எழுதுவதில் பெரிய ஆள். இன்னொருவர் எழுதியதை வைத்து நேரம் பிசகாமல் பிடித்து, நடுவில் ஒருவர் தன் போக்கில் வாசிக்க இடம் விட்டு நடத்துவதற்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும். கண்டக்டர் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு கெட்ஸின் பின்னால் போயிருந்தால் தந்திகள் குழைந்துபோயிருக்கும். தந்தி வரிசைக்கு மையமாக இருந்தவர்கள் போ ஆர்ட்ஸ் ஸ்டிரிங் குவார்டெட் என்ற நால்வர் குழுவினர். இந்தப் பெயரையும் தயவுசெய்து அச்சில் போடுங்கள். சாட்டரும் ஹெர்ஷி கேயும் 1981 என்ற ஒரே ஆண்டில் காலமானார்கள். கெட்ஸ் 1991 ஜூனில் போனார்.

தந்தி வாசித்தவர்கள் பெயரை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நாங்கள் வாசித்த பாட்டுகளின் இசைத்தட்டு உறையில் இசையமைப்பாளர் பெயர் இருக்கும், பாடியவர் பெயர் இருக்கும், கவிஞர் பெயரும் பெரும்பாலும் இருக்கும். வயலின் வரிசை என்று ஒரு வார்த்தைகூட இருக்காது. காலையில் ஸ்டுடியோவுக்குள் போய், முன்பின் பார்க்காத நோட்ஸை ஒருதரம் கண்ணால் ஓட்டிவிட்டு, இரண்டாவது தரமே டேக் வாசித்தவர்கள் எங்கள் வரிசையில் இருந்தார்கள். அவர்களில் பலர் இன்று இல்லை. வானொலியில் அந்தப் பாட்டு வரும்போது இடையிசையில் எந்தச் செல்லோ யாருடையது என்று எனக்குத் தெரியும், அவருடைய பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு பதிவு நிறுவனத்தில், பழைய பாட்டுகளை மறுவெளியீடு செய்தபோது வாசித்தவர்கள் பட்டியல் இருக்கிறதா என்று நானே போய்க் கேட்டேன். அப்படி ஒன்று இருந்ததாகவே அவர்களுக்கு நினைவில்லை. நியூயார்க்கில் 1961இல் நடந்த ஒரு பதிவுக்காவது யார் வாசித்தார்கள் என்ற குறிப்பு தங்கியிருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம். அதை இங்கே அச்சில் மறுபடியும் விட்டுவிட்டால் எப்படி? இன்றைக்குப் பிள்ளைகள் அலைபேசியில் பாட்டுக் கேட்கிறார்கள். திரையில் ஒரு படம், ஒரு பெயர், அவ்வளவுதான் தெரிகிறது. மற்ற பெயர்களைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு வழி, உங்களைப் போன்றவர்கள் எழுதுவதுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எழுதிய இசை உயிரில்லாதது, அந்தக் கணத்தில் பிறப்பதுதான் உயிருள்ளது என்று கட்டுரையில் ஓர் இடத்தில் ஜாஸ் பற்றிப் பொதுவாகச் சொல்லியிருந்தார்கள். நான் பணிவோடு மறுக்கிறேன். ‘ஐ’ம் லேட், ஐ’ம் லேட்’ இரண்டு டேக்கிலும் தந்திகள் ஒரே நோட்ஸை வாசித்தன என்று மேலே சொன்னேன். இரண்டாவது டேக்கில் அவர்களும் வேறு மாதிரி வாசிக்கிறார்கள். நோட் அதேதான், ஆனால் வில் இன்னும் கடிக்கிறது, வயோலாக்காரர்கள் இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்கிறார்கள். அவர்கள் காதிலும் கெட்ஸ் விழுந்துகொண்டிருந்தார் அல்லவா? வாசிக்கிற கை மனிதக் கைதானே. எழுதியதை வாசிக்கிறவர்களும் அந்தக் கணத்தில்தான் வாசிக்கிறார்கள். எங்கள் வரிசையில் நல்ல பாடகர் ஒருவர் மைக் முன்னால் நின்று ஒரு சங்கதியைப் புதிதாகப் போட்டால், அடுத்த வரியில் எங்கள் எல்லோருடைய வில்லும் தானாகவே நீளும். யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஆகவே என் கோரிக்கை இதுதான். வரும் ஞாயிறு இணைப்பிதழில் ஒரு சிறு திருத்தம் வெளியிடுங்கள். ‘ஃபோகஸ்’, 1961, வெர்வ். இசை எழுதியவர் எட்டி சாட்டர். டெனர் சாக்ஸபோன் ஸ்டான் கெட்ஸ். நடத்தியவர் ஹெர்ஷி கே. முதல் பகுதியில் டிரம்ஸ் ராய் ஹேன்ஸ். தந்திகளுக்கு மையம் போ ஆர்ட்ஸ் ஸ்டிரிங் குவார்டெட். நான்கு வரிகூட ஆகாது. முடிந்தால் உங்கள் கட்டுரையாளரிடமே இந்த ஆல்பத்தைப் பற்றித் தனியாக ஒன்று எழுதச் சொல்லுங்கள். கெட்ஸின் மூச்சு, தொனி பற்றி அவர் எழுதியிருந்த விதம் நன்றாக இருந்தது. நல்ல காது உள்ளவர், தந்திகளையும் கேட்டால் எழுதிவிடுவார்.

வாசகர்களில் யாராவது புதிதாகக் கேட்பதாக இருந்தால், முதல் முறை ஹெட்ஃபோனில் கேளுங்கள். செல்லோ, டபுள் பேஸ் இரண்டையும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். இரண்டாம் முறை வயோலா. சாக்ஸபோன் தானாகவே காதில் விழும், அதைத் தேடவேண்டியதில்லை. பிடித்துப்போனால், இதே கெட்ஸும் சாட்டரும் 1965இல் ஆர்தர் பென் இயக்கிய ‘மிக்கி ஒன்’ திரைப்படத்துக்காக மறுபடியும் சேர்ந்தார்கள். அந்த இசையும் ஆல்பமாக வந்திருக்கிறது, அதையும் தேடிப் பாருங்கள். ‘ஃபோகஸ்’ அளவுக்கு ஒரே மூச்சில் அமையவில்லை என்பது என் கருத்து. ஆனால் இருவரும் ஒருவரையொருவர் எவ்வளவு நம்பினார்கள் என்பது அதிலும் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திரையிசை வயலின் கலைஞர்,
சாலிகிராமம், சென்னை